மாண்டெலுகாஸ்ட், ப்ரெட்னிசோன், நீல பம்ப்: ஆஸ்துமா மருந்தாலேயே கேடு வந்தால் டர்பனில் என்ன செய்வது?

#1 சாட்ஸ்வொர்த் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கேள்வி இங்கே துண்டு துண்டாக வந்து போகிறது. ஒரே இழையில் முறையாகப் பேசிவிடலாம் என்று தொடங்குகிறேன்.

டர்பன் தெற்கில், அதுவும் மெரிபேங்க், வெண்ட்வொர்த் பக்கம், பம்ப் (வாயில் இழுக்கும் இன்ஹேலர்) இல்லாத வீடு குறைவு. மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில், இரவில் அலறி எழுகிறது, காரணமில்லாமல் அடிக்கிறது, "செத்துப்போகணும்" என்கிறது என்று வையுங்கள். அல்லது வருடக்கணக்காக ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு இடுப்பு மூட்டு எலும்பு செத்துவிட்டது என்று வையுங்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்? புகார் யாரிடம்? நஷ்டஈடு கேட்க வழி உண்டா? அமெரிக்காவில் வழக்குப் போடுகிறார்கள் என்று பேஸ்புக்கில் விளம்பரம் வருகிறதே, அதில் இங்கிருப்பவர்கள் சேரலாமா?

#2 மருந்தாளுநர்

அக்கா, மாண்டெலுகாஸ்ட்டிலிருந்து தொடங்குகிறேன். சிங்குலேர் என்ற பெயரில் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இப்போது பல கம்பெனிகள் ஜெனரிக்காகச் செய்கின்றன. 2 முதல் 5 வயது வரை 4 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 5 மில்லிகிராம், அதற்கு மேல் 10. மாலையில் ஒரு வேளை.

2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ. இதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துத் தாளில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, முரட்டுத்தனம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் எல்லாம் அதில் வருகின்றன. முன்பு மனநோய் இல்லாதவர்களுக்கும் வரலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகவும், சிலருக்கு நிறுத்திய பிறகே தொடங்கியதாகவும் அறிக்கைகள் உண்டு. மூக்கொழுகல் அலர்ஜிக்கு மட்டும் என்றால் வேறு மருந்து சரிப்படாதவர்களுக்கே இதைக் கொடுக்க வேண்டும் என்றும் அப்போது சொன்னார்கள். இங்கே தும்மலுக்கும் இதை எழுதிக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் இருந்தால் நேரே அவசரப் பிரிவு. மாண்டெலுகாஸ்ட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது, நிறுத்தலாம். ஆனால் தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு பம்ப்பை (தடுப்பு பம்ப்பை) நிறுத்தக்கூடாது. இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் மூச்சிரைப்போடு வந்து நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்று. மருந்துதான் காரணமா என்று பார்க்க வீட்டில் திரும்பவும் மாத்திரையைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். வழக்குக்கு ஆதாரம் வேண்டும் என்று அப்படிச் செய்யச் சொல்பவர் யாராயிருந்தாலும் கேட்காதீர்கள். என்ன தேதியில் தொடங்கியது, எந்த இரவில் முதல் அலறல், எப்போது நிறுத்தியது, எத்தனை நாளில் அடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதினாலே போதும்.

#3 நர்ஸ் அக்கா

ப்ரெட்னிசோன் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. பெரியவர்களுக்குக் கடுமையான இரைப்பு வந்தால் 40 மில்லிகிராம், அதாவது எட்டு மாத்திரை, காலையில் ஒரே தடவை, ஐந்து முதல் ஏழு நாள். ஐந்து நாள் என்றால் 200 மில்லிகிராம். ஐந்து தடவை அப்படி வந்தால் 1000. வாழ்நாள் முழுக்கக் கூட்டினால் 500 முதல் 1000 மில்லிகிராமிலேயே எலும்பு தேய்வு, சர்க்கரை, கண்புரை எல்லாவற்றுக்கும் அபாயம் ஏறத் தொடங்குகிறது. "அது சின்னக் கோர்ஸ்தான்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். தடவைகளை யாரும் கூட்டுவதில்லை. ஒரு வருடத்தில் இரண்டாவது கோர்ஸ் வந்தாலே தடுப்பு பம்ப் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் அதைத்தான் கேட்க வேண்டும்.

இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு சாவது, அக்கா எழுதிய விஷயம், நடக்கும்போது தொடையிடுக்கில் வலியாகத் தொடங்கும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஸ்டீராய்டு எடுத்தவருக்கு இடுப்பு வலி என்றால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட விடாதீர்கள்.

ஐந்து ஏழு நாள் கோர்ஸைச் சட்டென்று நிறுத்தலாம். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் எடுத்தவர் அப்படி நிறுத்தவே கூடாது. சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். வாந்தி, தள்ளாட்டம், ரத்த அழுத்தம் இறங்குவது, சர்க்கரை குறைவது என்று உயிருக்கே வரும்.

#4 மருந்தாளுநர்

நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த நாட்டில் இதைச் சொல்லாமல் விடவே கூடாது.

எச்.ஐ.வி.க்கு எடுக்கும் ஏ.ஆர்.வி. மாத்திரைகளில் ரிட்டோனவிர் இருந்தால், பம்ப்பில் இழுக்கும் ஸ்டீராய்டுகளான ஃப்ளூட்டிகாசோன், புடெசோனைட் இரண்டும் உடம்பிலிருந்து வெளியேறாமல் தங்கிவிடும். கல்லீரலில் இவற்றை உடைக்கும் நொதியை ரிட்டோனவிர் அடைத்துவிடுகிறது. முகம் வட்டமாக ஊதும், வயிறு பெருக்கும், கழுத்துப் பின்னால் கொழுப்பு சேரும். அட்ரீனல் சுரப்பியும் தூங்கிப் போகும். பம்ப் மருந்துதானே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இவர்களுக்கு பெக்ளோமெத்தாசோன் பம்ப் கொடுப்பதுதான் பாதுகாப்பு. மூச்சுக்குழாயை நீண்ட நேரம் திறந்து வைக்கும் சால்மெட்ரோலும் ரிட்டோனவிரோடு சேரக்கூடாது, இதயத் துடிப்பைக் கலைக்கும். ஏ.ஆர்.வி.யில் டொலுடெக்ராவிர் மட்டும் எடுப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு எதிர்ப்பக்கம்: ப்ரெட்னிசோன் சீக்கிரம் கரைந்துபோகும், வழக்கமான அளவு போதாது. இரைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது எரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். புகைபிடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் அது ஏறும். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டு மருந்தே இரைப்பைக் கொண்டுவரும். கண் டாக்டரிடம் பம்ப் பற்றிச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

#5 பீனிக்ஸ் தம்பி

வென்டோலின், ஆஸ்தவென்ட் மாதிரி நீல பம்ப் கவுண்டரில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதே. அதில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது?

#6 மருந்தாளுநர்

தம்பி, சீட்டு இல்லாமல் கிடைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. நீல பம்ப் மூச்சுக்குழாயைத் திறக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. ஒரு பம்ப்பில் 200 தடவை. வருடத்துக்கு மூன்று பம்ப் தாண்டினாலே அவசரப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று, வருடத்துக்குப் பன்னிரண்டு என்றால் சாவு அபாயமே கூடுகிறது. மாதம் ஒரு பம்ப் என்பது தினம் ஆறேழு தடவை. 2019-இலிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நீல பம்ப்பை மட்டும் கொடுக்கக்கூடாது என்கிறது.

பழைய பாடமும் உண்டு. 1970-களின் நடுவில் நியூசிலாந்தில் ஆஸ்துமா சாவுகள் திடீரென்று ஏறின. 1989-இல் ஆய்வாளர்கள் மூச்சுக்குழாயைத் திறக்கும் ஃபெனோட்டரால் பம்ப்பைக் காரணமாகக் காட்டினார்கள். அதைக் கட்டுப்படுத்தியதும் சாவு இறங்கியது. சால்மெட்ரோல் சோதனையில் சுமார் 26,000 பேர். 28 வாரத்தில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் மருந்து எடுத்த பக்கம் 13, எடுக்காத பக்கம் 3. அதனால்தான் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தை ஸ்டீராய்டு சேராமல் ஆஸ்துமாவுக்குத் தனியாகக் கொடுப்பதில்லை. இரண்டும் ஒரே பம்ப்பில் இருப்பதற்கு அந்தப் பயம் இல்லை. 2017 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அவற்றின் மேலிருந்த கட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டது.

பம்ப் காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது தப்பு. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சம் இருக்கும். சத்தம் வரும், மருந்து வராது. எண்காட்டி இல்லாத பம்ப் என்றால் தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

#7 நர்ஸ் அக்கா

ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குடுவை) வாங்க முடியாதவர்களுக்கு: கேப் டவுன் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஹெதர் ஸார் குழு 500 மில்லி கூல்டிரிங்க் பாட்டிலை வைத்துச் சோதித்து, 1999-இல் வெளியிட்டது. குழந்தைகளுக்கு அது கடைச் ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்தது. கம்பியை பம்ப்பின் வாய் அளவுக்கு வளைத்து, சுடவைத்து, பாட்டிலின் அடியில் வைத்தால் அதே வடிவத்தில் ஓட்டை விழும். பம்ப்பை அதில் இறுக்கமாகச் செருகி, சுற்றிலும் பசை. பிள்ளை பாட்டில் வாயில் உதடு வைத்து மூச்சு விடும். ஒரு தடவை அழுத்தி ஐந்தாறு மூச்சு, பிறகுதான் அடுத்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டீராய்டு பம்ப் என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

#8 அட்டர்னி அண்ணா

சட்டப் பக்கம் என்னிடம் விடுங்கள். முதலில் அமெரிக்க விளம்பரம். அது அங்கே மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு. டர்பனில் வாங்கிய மாத்திரைக்கு அமெரிக்க நீதிமன்றம் கதவு திறக்காது. அவர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டு இங்கே காலத்தை விட்டுவிடாதீர்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் பாதை எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் வழக்கின் பலம் புரியும். 2003-இல் ஃபார்மகேர் வழக்கில், மயக்க ஊசியால் கை செயலிழந்த ஒருவர், கம்பெனியின் தவறை நிரூபிக்காமலே பொறுப்பாக்க வேண்டும் என்று கேட்டார். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. அந்த மாற்றம் நாடாளுமன்றம் செய்ய வேண்டியது என்றது. நாடாளுமன்றம் செய்ததுதான் 2008-ஆம் வருட 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு. தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விநியோகிப்பவர், விற்பவர் நால்வருமே பொறுப்பு; கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. பொருள் பாதுகாப்பற்றதாகவோ குறையுள்ளதாகவோ இருக்கலாம். எச்சரிக்கை போதாமல் இருந்தாலும் போதும்.

கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி வார்த்தை. மாண்டெலுகாஸ்ட்டிலோ ப்ரெட்னிசோனிலோ மாத்திரை கெட்டுப்போனது என்று யாரும் சொல்லப் போவதில்லை. எச்சரிக்கை போதுமா என்பதுதான் சண்டை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அந்தப் பக்கவிளைவு தெளிவாக இருந்தால் கம்பெனி மேலான வழக்கு நலிந்துவிடும். ஆனால் அதே தாள், அந்த அபாயத்தை வாயால் சொல்லாத டாக்டர் மேலான வழக்குக்குப் பலம் சேர்க்கும். தேசிய சுகாதாரச் சட்டம் 6-ஆம் பிரிவு, சிகிச்சையின் பலன், அபாயம், மாற்று வழி எல்லாவற்றையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்கிறது. 1994-இன் காஸ்டெல் வழக்கு அளவுகோலைத் தந்தது: அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் பொருட்படுத்தும் அபாயம் என்றால் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதைப் பொருட்படுத்தாத தாய் தகப்பன் உண்டா?

ஆகவே தாளின் கடைசியில் இருக்கும் திருத்தத் தேதியைப் பாருங்கள். நீங்கள் மருந்து வாங்கிய தேதியில் எந்தத் தாள் புழக்கத்தில் இருந்தது என்பதில் வழக்கே திரும்பிவிடும்.

#9 அட்டர்னி அண்ணா

காலக்கெடு. இதில்தான் நல்ல வழக்குகள் சாகின்றன.

தனியார் டாக்டர், மருந்துக்கடை, கம்பெனி: மூன்று வருடம். யார் பொறுப்பு, என்ன நடந்தது என்று தெரிந்த, அல்லது நியாயமான கவனத்தோடு தெரிந்துகொண்டிருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அரசு மருத்துவமனை, அரசுக் கிளினிக்: 2002-இன் 40-ஆம் எண் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ். மருத்துவமனைத் தலைவருக்குக் கொடுத்தால் போதாது, மாகாணச் சுகாதாரத் துறையின் தலைமை அதிகாரிக்குப் போக வேண்டும். என்ன நடந்தது, என்ன இழப்பு என்று சுருக்கமாக எழுதினால் போதும். கொடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் வழக்கைத் தொடங்கும் சம்மன் அனுப்பலாம். ஆறு மாதம் தவறினால் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம்; ஆனால் மூன்று வருடம் முடிந்திருக்கக்கூடாது, தாமதத்துக்கு நல்ல காரணம் வேண்டும், அரசுத் தரப்புக்கு நியாயமற்ற பாதிப்பு வரக்கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் எல்லோரும் ஒரு தப்பைச் செய்கிறார்கள். பிள்ளையின் சொந்த வழக்குக்கு, வழக்கமான காலாவதிச் சட்டத்தில், பதினெட்டு முடிந்து ஒரு வருடம் வரை காலம் நீளும். ஆனால் நீங்கள் கட்டிய மருத்துவச் செலவு உங்களுடைய கோரிக்கை. அதற்கு வழக்கமான மூன்று வருடம்தான். 61-ஆம் பிரிவுக்குள்ளேயே தனி மூன்று வருட வரம்பு வேறு இருக்கிறது. பிள்ளை வயதை நம்பி உட்காராதீர்கள்.

#10 பீனிக்ஸ் தம்பி

அண்ணா, இதற்கெல்லாம் பணம் எங்கே? டாக்டர்களைப் பதிவு செய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ.க்கு ஒரு புகார் எழுதினால் போதாதா?

#11 அட்டர்னி அண்ணா

எழுதுங்கள் தம்பி, ஆனால் எதற்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுங்கள். ஹெச்.பி.சி.எஸ்.ஏ. டாக்டரை விசாரித்து அபராதம் போடலாம், பதிவிலிருந்து நீக்கலாம். உங்களுக்கு ஒரு ராண்ட் நஷ்டஈடு கொடுக்காது. மருந்தாளுநர் தவறென்றால் பார்மசி கவுன்சில், அதுவும் அப்படியே. அந்த விசாரணை நடப்பதால் மூன்று வருடக் கடிகாரம் நிற்காது. மருத்துவமனையின் தரம் பற்றிய புகார் ஹெல்த் ஆம்பட்ஸ்மனுக்குப் போகும். தவறை நிரூபிக்காமல் நஷ்டஈடு தரும் நிதி 2021-இல் கோவிட் தடுப்பூசிக்கு மட்டும் வந்தது. மாத்திரைக்கு அப்படி ஒன்று கிடையாது.

பணத்துக்கு: ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை 1997-இன் 66-ஆம் எண் சட்டம் அனுமதிக்கிறது. ஜெயித்த பிறகு வாங்கும் மொத்தக் கட்டணம் வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கையும் தாண்டக்கூடாது, கிடைத்த தொகையில் 25 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நிபுணர் அறிக்கைக்கு இப்போது யார் கட்டுவது? தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை யார் கட்டுவது? இரண்டாவதற்கு அட்டர்னி பொறுப்பேற்பதாக ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது உங்கள் தலையில்தான்.

தனியார் மேலான வழக்கில் இழப்பு R20,000-க்குள் என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம், அட்டர்னி தேவையில்லை. R200,000 வரை மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம், R400,000 வரை ரீஜனல், அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும் ஒன்று: "நோயாளி பம்ப்பை ஒழுங்காக இழுக்கவில்லை, தடுப்பு மருந்தை விட்டுவிட்டார்." நீதிமன்றம் ஏற்றால் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப நஷ்டஈட்டைக் குறைக்கும். நர்ஸ் அக்கா சொன்ன முறைகள் உடம்புக்கு நல்லது, வழக்குக்கும் நல்லது. கிளினிக்கில் பம்ப் இழுத்துக் காட்டியதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

#12 மருந்தாளுநர்

புகார் என்றதும் சாப்ராவை விட்டுவிடாதீர்கள். மருந்துகளுக்கு அனுமதி தரும் ஆணையம், 2018-இலிருந்து பழைய எம்.சி.சி. இடத்தில் இருக்கிறது. போனில் மெட் சேஃப்டி ஆப் இறக்கினால் நோயாளியே நேராக அறிக்கை கொடுக்கலாம், டாக்டர் கையெழுத்து வேண்டாம். மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, சேர்த்து எடுத்த மற்ற மருந்துகள். பேட்ச் எண் பெட்டியின் ஓரத்தில் காலாவதித் தேதிக்குப் பக்கத்தில், பிளிஸ்டர் அட்டையின் விளிம்பில் அமுக்கிய எழுத்தாக இருக்கும். மாத்திரையை அந்த மூலையிலிருந்து கிழித்துத் தள்ளினால் எண் போய்விடும். எதிர் மூலையிலிருந்து தொடங்குங்கள்.

கம்பெனி பெயர் ஏன் முக்கியம்? மருந்துகள் சட்டத்தின் 22எஃப் பிரிவின்படி, நோயாளி மறுக்காமலும் டாக்டர் மாற்றக்கூடாது என்று எழுதாமலும் இருந்தால், கடையில் ஜெனரிக்காக மாற்றிக் கொடுப்பார்கள். மாசாமாசம் வேறு வேறு கம்பெனியாக இருக்கலாம். சீட்டில் சிங்குலேர் என்று இருந்ததை வைத்து வழக்குப் போட்டால், நீங்கள் சாப்பிடாத மாத்திரைக்கு ஒரு கம்பெனியை இழுத்ததாகிவிடும்.

#13 சாட்ஸ்வொர்த் வாசகி

பெட்டியே கிடைப்பதில்லையே. நம் பக்கம் பாதி டாக்டர்கள் சர்ஜரியிலேயே மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். தாளும் இல்லை, எண்ணும் இல்லை.

#14 மருந்தாளுநர்

அந்தப் பையிலும் லேபிள் கட்டாயம், அக்கா. மருந்தின் பெயர், நோயாளி பெயர், எப்படிச் சாப்பிடுவது, கொடுத்த தேதி, கொடுத்தவர் பெயர், முகவரி, மருந்து கொடுத்த பதிவின் எண். "வெள்ளை மாத்திரை, 1 வேளை" என்று மட்டும் இருந்தால் அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள். தாளும் கேளுங்கள், கொடுக்க வேண்டும். பையை லேபிள் தெரியப் போட்டோ எடுங்கள்.

#15 அட்டர்னி அண்ணா

சட்டத்தில் அந்த டாக்டர் மருந்தை விற்றவரும் ஆகிறார். சேவையோடு பொருளைக் கொடுப்பவரும் 61-ஆம் பிரிவுக்குள் வருவார். தாள் கொடுக்காமல் கொடுத்திருந்தால் எச்சரிக்கை அவரிடமே நின்றுபோனது என்று வாதிடலாம்.

பெட்டி போய்விட்டதா? மருந்துக்கடையில் சீட்டுப் பதிவு ஐந்து வருடம் இருக்க வேண்டும்; உங்கள் பெயரில் கொடுத்த மருந்துகளின் பட்டியலை அச்சடித்துக் கேளுங்கள். டாக்டர் கோப்பு கடைசியாகப் பயன்பட்டதிலிருந்து குறைந்தது ஆறு வருடம், பிள்ளைகளுக்கு 21 வயது வரை. கொடுக்க மறுத்தால் பையா சட்டத்தின் (தகவல் பெறும் உரிமைச் சட்டம்) படிவம் 2. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம். தன் சொந்தக் கோப்பைக் கேட்பவர் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, நகல் செலவு மட்டும். "முழுக் கோப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். டாக்டர் குறிப்பு, மருந்து அட்டை, ஃபார்மசி வழங்கல் பதிவு, நர்ஸ் குறிப்பு, அவசரப் பிரிவுத் தாள், ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் தாள் ஒன்றை மட்டும் நீட்டுவார்கள்.

#16 நர்ஸ் அக்கா

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவச் செலவுத் திட்டம்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆஸ்துமா நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் செலவைத் திட்டம் ஏற்க வேண்டும். பட்டியல் மருந்து உங்களுக்குக் கேடு செய்தாலோ பலன் தராவிட்டாலோ, மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் ஒழுங்குமுறை 15(I)-இன்படி அபராதத் தொகை இல்லாமல் மாற்று மருந்து கொடுக்க வேண்டும். "கோ-பேமென்ட் கட்டுங்கள்" என்றால் டாக்டரிடம் பக்கவிளைவை எழுதி வாங்கித் திட்டத்துக்கு அனுப்புங்கள். சாப்ராவுக்குக் கொடுத்த அறிக்கை எண்ணையும் அதில் சேருங்கள். மறுத்தால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ்.

#17 சாட்ஸ்வொர்த் வாசகி

நன்றி. டாக்டர் கோப்பில் "அபாயம் விளக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்து, உண்மையில் விளக்கவில்லை என்றால்?

#18 அட்டர்னி அண்ணா

அந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கோப்பு என்றால் ஒவ்வொரு பதிவுக்கும் யார், எந்த நேரத்தில் எழுதினார், பிறகு திருத்தினாரா என்ற தடம் இருக்கும். படிவம் 2-இல் அந்தத் தடத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கைக்கோப்பு என்றால் நகல் போதாது, அசலைப் பார்வையிட நாள் கேளுங்கள். மை நிறம், வரிகளுக்கிடையே நெருக்கி எழுதியது எல்லாம் அசலில்தான் தெரியும். கோப்பைக் கேட்டுவிட்டுத்தான் புகார் எழுத வேண்டும். புகார் முதலில் போய்விட்டால் கோப்பில் கை வைக்க நேரம் கொடுத்ததாகிவிடும்.

அரசு மருத்துவமனை என்றால் கோப்பு வரும்வரை நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள். தெரிந்ததை வைத்து நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள், விவரம் பிறகு சம்மனில் சேர்க்கலாம்.